முப்பந்தல் காற்றும் மூடிய லேப்டாப்பும்

எஞ்சினைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் ஸ்பேனரைக் கீழே வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குள் வந்திருக்கும் மென்பொருள்களின் பெயர்கூட என் வாயில் நுழைவதில்லை. நீங்கள் கையிலிருக்கும் போனிலேயே எஞ்சினின் ஜாதகத்தைப் பார்த்துவிடுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் போன வாரம் நான் பட்டறைப் பக்கம் வந்தபோது, ட்ரயல் போய்விட்டு வந்த உங்களில் ஒருவர், "அண்ணாச்சி, முப்பந்தல்ல வண்டி சும்மா பறக்குது, கேட்டியளா" என்றார். திரும்பி வரும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். திரும்பும்போது அவர் வண்டிக்காரரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தாராம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது என்னுடைய தப்பின் கதை. முழுவதும் வாசித்துவிட்டுக் கிண்டல் செய்யுங்கள்.

மார்த்தாண்டத்தில் பட்டறை வைத்திருப்பவனின் பாடு உங்களுக்குத் தெரியும். மேம்பாலத்தில் ஏறினால் மூன்றாவது கியர் போடலாம், இறங்குவதற்குள் இரண்டாவதுக்கு வந்துவிட வேண்டும். கீழே சந்தைக் கூட்டத்தில் முதல் கியரே தாராளம். ஒரு வண்டியின் சக்தியைக் கூட்டிவிட்டு, அது கூடியதா என்று பார்க்க ஊரில் இடமில்லை. அதனால் நம் ஜில்லாவில் ட்யூனிங் செய்கிற அத்தனை பேரும் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி முப்பந்தலுக்குத்தான் ட்ரயல் போகிறோம். நேரான நாலுவழிச் சாலை, இரண்டு பக்கமும் காற்றாலை. இசக்கியம்மன் கோயிலைக் கடக்கும்போது வழித்துணை கேட்டு ஒரு ஹார்ன், கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை, ஒரு டீ, இரண்டு ரசவடை, பிறகு வீடு. நான் ஞாயிறுதோறும் சபைக்குப் போகிறவன். ஆனாலும் அந்த ஹார்னை ஒருநாளும் விட்டதில்லை.

போகும்போது மடியில் லேப்டாப் திறந்திருக்கும். டீ குடித்ததும் அதை மூடிப் பைக்குள் வைத்துவிடுவோம். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, இனி என்ன இருக்கிறது என்ற நினைப்பு. பத்து வருடமாக எல்லோரும் அப்படித்தான் செய்தோம். இது தப்பு என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

தோன்றிய ஒரே ஆள் அந்த டீக்கடைக்காரி. எஞ்சின் மூடியைத் திறந்துகூடப் பார்த்திராத பெண். ஆனியிலும் ஆடியிலும் அங்கே காற்று அடிக்கிற அடிக்கு, கூரைத் தகரத்தின்மேல் ஆட்டுக்கல் அளவுக்குப் பாறைகளை ஏற்றி வைத்திருப்பாள். டீயைத் தூக்கி ஆற்ற மாட்டாள். ஆற்றினால் பாதி டீ அடுத்த ஊரான காவல்கிணற்றுக்குப் போய்விடும். முதுகைக் காற்றுக்குக் காட்டி, குனிந்து நின்று, கிளாஸுக்குள் கரண்டியை விட்டுக் கலக்கித் தருவாள்.

சேவியரை அங்கே கூட்டிக்கொண்டு போனது ஆனி மாதக் கடைசியில். சேவியருக்கு ஊர் தேங்காய்ப்பட்டணம். பன்னிரண்டு வருடம் கல்ஃபில் டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்து, அந்தச் சம்பாத்தியத்தில் பழைய ஏழு சீட் டீசல் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று எப்போதும் வண்டி நிறைய ஆள் இருக்கும்.

"அண்ணே, ஏழு பேரு கேறினா வண்டி அனங்க மாட்டேங்கு. ஏத்தத்தக் கண்டா அழுவுது" என்று என்னிடம் வந்தான்.

"அழாம ஓட வச்சுத் தாறேன் மக்கா" என்றேன்.

அன்று எனக்கு இருந்த மண்டைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. கார்புரேட்டர் காலத்தில் தொழிலுக்கு வந்து, நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் படித்து, மார்த்தாண்டத்தில் வண்டிக்கு இழுவை கூட்ட வேண்டுமென்றால் இவன்தான் என்று பேர் வாங்கியிருந்தேன். சேவியரின் வண்டிக்கும் டீசலைக் கூட்டினேன், அதற்கேற்ற மாதிரி டர்போ தள்ளுகிற காற்றையும் கூட்டினேன். டீசலைக் கூட்டினால் எஞ்சினுக்குள் சூடு கூடும், சூடு எல்லை தாண்டினால் பிஸ்டன் உருகும். அதைக் கண்காணிக்க, புகை வெளியேறும் குழாயில் ஒரு வெப்பக் கம்பியை மாட்டி லேப்டாப்போடு இணைத்திருந்தேன். அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டு போனேன்.

கணவாயைத் தாண்டியதும் அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மெய்சிலிர்த்தது. வண்டிக்குப் பாரம் என்பதே இல்லாதது போல இருந்தது. காற்றாலைகள் சரசரவென்று பின்னால் போயின. திரையில் சூடு எல்லைக்கு வெகு கீழே நின்றது. இடம் இருக்கிறதே என்று, ஓரமாக நிறுத்தச் சொல்லி இன்னும் கொஞ்சம் டீசலைக் கூட்டினேன். மறுபடியும் மிதித்தான், மறுபடியும் பறந்தது, சூடு அப்போதும் எல்லைக்குள்தான் இருந்தது. என் கையிலேயே ஏதோ வரம் இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

டீக்கடையில் சேவியர் என் புகழைப் பாடினான். கடைக்காரி டீயைக் கலக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்கோட்டு வரும்ப எல்லா வண்டியும் குதிரதான் அண்ணாச்சி" என்றாள். "அங்கோட்டுத் திரும்பும்பல்லா தெரியும் அதுக்க வண்டவாளம்."

"நீ எப்பம் மெக்கானிக் ஆன? டீயில சீனி போடும்மா" என்றேன். சேவியரும் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு வடையை எடுத்து வைத்தாள்.

நான் லேப்டாப்பை மூடினேன். திரும்பும்போது சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கணவாய்ப் பக்கம் வரும்போது சேவியர் கேட்டான்.

"அண்ணே, போனப்ப இருந்த இழுப்பு இப்பம் இல்லியே?"

"புது ட்யூனிங்லா. ஓட ஓட செட்டாவும் மக்கா."

நம் தொழிலில் இதைவிடக் கேடுகெட்ட வாக்கியம் கிடையாது. எது என்னவென்று தெரியாதபோது நாம் சொல்வது இதைத்தான். பட்டறைக்கு வந்ததும் வெப்பக் கம்பியைக் கழற்றி, அந்த ஓட்டையை அடைத்து, வண்டியைக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, ஆடி மாதம், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணே, வண்டி போச்சு" என்றான் சேவியர். "வள்ளியூர்ல கல்யாணத்துக்குப் போயிட்டு ஏழு பேரா வாறோம். அம்மைக்கு நெஞ்சு வலி. வேர்த்துக் கொட்டுது. மிதிச்சு வந்தேன், பணகுடி தாண்டினதும் எஞ்சின் டக்கு டக்குன்னு அடிக்குது. ஒரே பொகை. இழுக்க மாட்டேங்கு."

"ஆம்புலன்சு?"

"விளிச்சாச்சு. நாரோயில்ல வேற ஒரு ஆள ஆஸ்பத்திரில எறக்கிட்டுத்தான் கெளம்புமாம். இங்க வந்து சேர நேரம் ஆவும்லா. கைய காட்டிக் காட்டிப் பாத்தாச்சு, ஒரு வண்டியும் நிறுத்தல்ல."

பின்னால் பெண்கள் அழுவது கேட்டது. அதற்கும் மேலாக இன்னொரு சத்தம், போனைக் கிழிக்கிற மாதிரி. அது என்ன சத்தம் என்று கேட்டேன்.

"காத்துண்ணே. எதிர்க்காத்து. வண்டியப் பிடிச்சுப் பொறத்த தள்ளுது."

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் புரிந்தது. கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து கணவாய்க்குள் புகுந்து கிழக்கே அடிக்கிறது. நான் ட்ரயல் போனபோது என் முதுகுக்குப் பின்னால் நின்று வண்டியைத் தள்ளியது அந்தக் காற்று. எஞ்சின் பாதி வேலைதான் செய்திருக்கிறது. அதனால்தான் சூடு ஏறவில்லை. காற்று கொடுத்த இடத்தை எஞ்சினின் இடம் என்று நினைத்து டீசலை ஊற்றியவன் நான். இப்போது ஏழு பேருடன், அதே காற்றுக்கு எதிரே, அம்மையைக் காப்பாற்ற ஒரு மகன் கடைசி வரை மிதித்திருக்கிறான். உள்ளே பிஸ்டன் உருகிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்தது என் கை.

ஆனால் அழுவதற்கு அது நேரமில்லை. இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தப்பு தெரிகிற நேரமும் வேலை செய்ய வேண்டிய நேரமும் பல சமயம் ஒன்றாகத்தான் வரும். தலையில் கை வைப்பதைத் தள்ளிப்போடப் பழகிக்கொள்ளுங்கள்.

"எஞ்சின அணைக்காத. பானெட்டத் தொறந்து போனக் கிட்ட காட்டு" என்றேன்.

காட்டினான். என் போனையும் ஸ்பீக்கரில் போட்டு, காற்றின் இரைச்சலுக்கு நடுவே எஞ்சினைக் கேட்டேன். நாலு சிலிண்டரில் ஒன்று செத்திருந்தது. மற்ற மூன்றும் ஒழுங்காக அடித்தன. ஆயில் விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். அப்படியென்றால் உள்ளே இன்னும் எண்ணெய் ஓடுகிறது. எண்ணெய் ஓடுகிற வரை கொஞ்சம் நம்பலாம். ஆனால் ஒரு தடவை வேகமாக மிதித்தால் போதும், உருகின பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துவிடும். அதற்கப்புறம் அந்த வெயிலில், அந்தக் காற்றில், நடுரோட்டில் ஓர் இரும்புப் பெட்டிதான் மிஞ்சும்.

"அம்மைக்க கூட உனக்க பெண்டாட்டி மேரி போதும். மத்த நாலு பேரையும் எறக்கி விடு. ஏசிய அணை. ஹீட்டர முழுசா வை, எஞ்சின் சூடு உள்ள வரட்டும். கண்ணாடிய எல்லாம் எறக்கு. மேரி ஆம்புலன்சுக்காரன்கிட்ட பேசிட்டே இருக்கட்டும், நாம அவங்களுக்கு எதிர போவோம். ரெண்டாவது கியர், மூணாவது கியர், அதுக்கு மேல வேண்டாம். உனக்க போன ஸ்பீக்கர்ல போட்டு முன்னால வை."

எடுத்தான். வண்டி நகருவது கேட்டது. டக்கு டக்கு வேகமானது.

"காலை எடு. பைய போ மக்கா."

"அண்ணே, அம்மைக்கு மூச்சு வாங்குது."

"பைய போ."

அவன் பெண்டாட்டி மேரி கத்தினாள். "ஆளு சாவக் கெடக்கு, பைய போன்னு சொல்லுதியளே அண்ணே. ஒங்களுக்கு நெஞ்சில ஈரம் இருக்கா?"

பையத் தின்றால் பனையையும் தின்னலாம் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள் என்று உங்களிடம் இப்போது சொல்கிறேன். அப்போது பழமொழி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மிதித்தால் அந்த அம்மாள் சாலையிலேயே போய்விடுவாள், மிதிக்காவிட்டால் ஒருவேளை பிழைப்பாள். என்னிடம் இருந்தது அந்த ஒருவேளை மட்டும்தான்.

பையப் போனாலும் காற்று விடவில்லை. எஞ்சின் திணறுவது எனக்குக் கேட்டது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"பின்னால பெரிய லாரி ஏதாவது வருதா பாரு."

கண்ணாடியில் பார்த்துச் சொன்னான். "வைக்கோல் லாரி ஒண்ணு வருது."

கேரளத்துக்கு மாட்டுத் தீவனம் கொண்டுபோகிற லாரி. நீங்கள் பார்த்திருப்பீர்கள், வீடு மாதிரி உயரமாகக் கட்டியிருப்பார்கள். ஆடியில் அவர்களாலும் அந்த இடத்தில் வேகமாகப் போக முடியாது.

"அது உன்னத் தாண்டட்டும். தாண்டினதும் அதுக்குப் பின்னால போ. முட்டிராத, ஆனா அதுக்க மறைவ விட்டு வெளிய வராத."

வேறு யாராக இருந்தாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். நீங்களும் யாருக்கும் சொல்லக் கூடாது. பன்னிரண்டு வருடம் டிரெய்லர் ஓட்டியவனுக்கு, முன்னால் போகிற லாரிக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டுமென்று கண்ணுக்குள்ளேயே அளவு இருக்கும். அதை நம்பித்தான் சொன்னேன்.

லாரி தாண்டியது. அவன் பின்னால் சேர்ந்தான். அப்போது நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். போனிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தப் பெரும் இரைச்சல் அப்படியே நின்றுபோனது. யாரோ கதவைச் சாத்தினது போல இருந்தது. காற்றில்லாத அந்த இடத்தில் மூன்று சிலிண்டரின் சத்தமும் செத்த சிலிண்டரின் அடியும் மட்டும் தெளிவாகக் கேட்டன. எஞ்சின் மூச்சு விடுவதை நான் கேட்டேன். என்னைச் சுற்றி நின்ற பட்டறைப் பையன்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"வைக்கோல் பறந்து கண்ணாடியில ஒட்டுது அண்ணே."

"ஒட்டட்டும். பைய போ."

காற்றாலைகளைக் கடந்தார்கள். டீக்கடையைக் கடந்தார்கள். இசக்கியம்மன் கோயில் வந்தபோது சேவியர் ஹார்ன் அடித்தான். அவன் மாதா கோயில்காரன், நான் சபைக்காரன், இரண்டு பேருக்கும் அந்த ஹார்ன் தேவைப்பட்டது. கணவாய்க்குள் புகுந்து ஆரல்வாய்மொழி வந்தபோது காற்று கொஞ்சம் அடங்கியது என்றான். பையப் போ, பையப் போ என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. ஒவ்வொரு டக்குக்கும் அடுத்த டக்கு வருமா என்று காத்திருந்தேன். எத்தனையோ எஞ்சினை நான் பழுது பார்த்திருக்கிறேன், எந்த எஞ்சினிடமும் அதற்கு முன்னால் கெஞ்சியதில்லை.

தோவாளையில் பூச்சந்தைக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து அம்மாளைத் தூக்கி மாற்றினார்கள். மேரியும் ஏறிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் போன பிறகுதான் சேவியர் எஞ்சினை அணைத்தான். அணைத்ததும் ஆறியது, ஆறியதும் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அது சுற்றவே இல்லை.

அம்மாள் பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் சேவியர் போனில் சொன்னபோது நான் பட்டறை வாசலில் டயர் மேல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து எஞ்சினைத் திறந்தோம். மூன்றாவது பிஸ்டனின் தலை, கல்லறைத் திருநாளன்று எரித்த மெழுகுவர்த்தி போல ஒருபக்கம் ஒழுகியிருந்தது. ஒழுகினது சிலிண்டர் சுவரில் படிந்து கிடந்தது. இதோடு ஓர் எஞ்சின் ஒரு நிமிடம் ஓடுவதே பெரிய காரியம். பணகுடியிலிருந்து தோவாளை வரை ஓடியிருக்கிறது. அடியில் சுழலும் தண்டைத் தாங்குகிற கிராங்க் பேரிங்கைத் துடைத்துப் பார்த்தேன், புதுசு போல மினுங்கியது. ஒரு சகோதரன் செத்துக் கிடக்கும்போது மற்ற மூன்று பேரும் பாரத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், கடைசி சொட்டு வரை எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. முப்பத்தைந்து வருடம் எஞ்சினை நான் ஆட்டி வைக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அன்று அதன் முன்னால் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கும்பிட வேண்டும் போல இருந்தது, பையன்கள் பார்க்கிறார்களே என்று கும்பிடவில்லை.

பிறகுதான் எனக்கு நரகம் ஆரம்பித்தது. சேவியர் தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டான், அண்ணன் மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டே போனில் வண்டியை ஓட்டி என் அம்மையைக் காப்பாற்றினார் என்று. ஆட்கள் வண்டியோடு வந்தார்கள். கை கொடுத்தார்கள். சேவியர் நாலைந்து தடவை வீட்டுக்கு நெய்மீன் கொண்டுவந்து கொடுத்தான். என் மனைவி குழம்பு வைத்தாள். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தேன். எஞ்சினை என் செலவில் புதுசாக்கித் தருகிறேன் என்றேன். அதற்கும் அவன், "என்ன மனசு அண்ணே உங்களுக்கு" என்று கண் கலங்கினான். ஏலே, என் தப்புக்குத்தான் செய்கிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. இருபது வருடம் கட்டின பேர் ஒரு வாக்கியத்தில் போய்விடும் என்ற பயம். அவ்வளவுதான், வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஆவணி பிறந்து, வண்டி தயாரானது. காற்று இன்னும் அடங்கவில்லை. ட்ரயலுக்குக் கிளம்பும்போது சேவியரின் அம்மாளும் பின் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். டாக்டர் வெளியே போகலாம் என்று சொல்லிவிட்டாராம். "என்னயக் கொண்டு வந்த ரோட்ட நான் முழிச்சிட்டுப் பாக்கணும்" என்றாள்.

வெப்பக் கம்பியை மாட்டியிருந்தேன். டீசலைப் பழைய அளவுக்கே குறைத்திருந்தேன். முப்பந்தல் வரை போனோம். டீக்கடையில் இறங்கினோம். கடைக்காரி என்னைப் பார்த்துவிட்டு, குனிந்து டீயைக் கலக்கினாள். நான் காற்றைப் பார்த்து நின்றேன். நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. நூற்றுக்கணக்கான காற்றாலைகள் ஒரே பக்கம் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன, எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று குருடனுக்கும் தெரியும்படியாக. அத்தனை வருடம் அவற்றுக்கு நடுவே ட்ரயல் ஓட்டியவனுக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பிரமிப்பாக இருந்தது. இவ்வளவு பெரிய ஒன்று கண்முன்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

டீயைக் கீழே வைத்தேன்.

"சேவியர், உனக்க எஞ்சின் உருகினதுக்குக் காரணம் நான்தான்" என்றேன். "அன்னைக்கு இங்க வண்டி பறந்தது எனக்க ட்யூனிங் இல்ல. இந்தக் காத்து. அது தெரியாம டீசலக் கூட்டி வச்சேன். திரும்பும்ப நீ கேட்ட, இழுப்பு இல்லியேன்னு. செட்டாவும்னு சொல்லிட்டு நான் உறங்கிட்டேன். இந்த டீக்கடைப் பிள்ளையும் சொல்லிச்சு. கேக்கல்ல."

கடைக்காரி கரண்டியை நிறுத்தினாள். சேவியர் காற்றாலையையே பார்த்துக்கொண்டு நின்றான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

காருக்குள் இருந்து அம்மாள் பேசினாள். கண்ணாடி இறக்கித்தான் இருந்தது.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மக்கா."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பைய போ, பைய போன்னு நீ சொல்லிட்டே வந்த. நான் கண்ண மூடிக் கெடந்தேன், காது கேட்டுட்டுதானே இருந்து. பேச்சு பையத்தான் இருந்து. உனக்க தொண்டை நடுங்கிட்டுல்லா இருந்து. அடுத்தவன் கெடுத்த வண்டிக்கு ஒருத்தன் அப்பிடி நடுங்க மாட்டான். இவன் என்னத்தையோ செய்து வச்சிருக்கான்னு அப்பமே நெனச்சேன்."

எஞ்சினைப் போனில் கேட்டு, நாலில் ஒன்று செத்தது என்று சொன்னவன் என்று ஊர் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தது. சாகக் கிடந்தவள் அதே போனில் என்னைக் கேட்டிருக்கிறாள்.

"பெறவு ஏம்மா யாருட்டயும் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். எத்தன தடவ மீன் குடுத்து விட்டேன்."

சேவியர் டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறினான். என்னைப் பார்க்கவில்லை. எஞ்சினைக் கிளப்பினான். என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போவான் என்று நினைத்து, நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவன் வண்டியை மேற்கே திருப்பி, காற்றுக்கு நேராக நிறுத்தி, எனக்கான பக்கக் கதவை உள்ளிருந்தே தள்ளித் திறந்தான். காற்று அந்தக் கதவைத் திரும்பச் சாத்தப் பார்த்தது. அவன் கையால் பிடித்துக்கொண்டான்.

"கேறுங்க அண்ணே" என்றான். "லேப்டாப்ப தொறங்க."